திருகோணமலைப் பயணக் குறிப்பு – மூன்றாம் நாள்: நான்கு விரற்கடைத் தண்ணீர்

முதல் இரண்டு நாட்களும் வீட்டாருக்கு உரியவையாக இருந்தன. கோணேசர் கோயிலுக்கும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் எல்லோருமாகப் போய்வந்து, பிரெட்றிக் கோட்டைக்குள் திரியும் மான்களைக் குழந்தைகளுக்குக் காட்டி முடித்ததோடு அந்தக் கடமை தீர்ந்தது. மூன்றாம் நாள் பறவைகளுக்கு என்று பயணம் தொடங்கும் முன்பே பேசி வைத்திருந்தபடியால், அதிகாலை ஐந்து மணிக்கு உப்புவெளி விடுதியில் மற்றவர்கள் உறங்கிக்கொண்டிருக்க, நானும் அக்காவின் மகனும் மட்டும் மோட்டார் சைக்கிளில் கிளம்பினோம். அவனுக்கு வயது பதின்மூன்று. தொலைநோக்கியின் முக்காலியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, காலைத் தூக்கம் கலையாமல் பின்னால் இருந்தான்.

நாங்கள் பங்குனித் தொடக்கத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கரைப்பறவைகளைப் பார்ப்பது எப்படி என்று விளக்கும் ஆங்கில நூல்கள் பெரும்பாலும் ஐரோப்பியக் கரைகளை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. அங்கே கடல் நாளுக்கு இருமுறை பல மீற்றர் ஏறி இறங்கும். வற்று நேரத்தில் சேற்றுவெளி கண்ணுக்கெட்டிய தூரம் விரியும். பெருக்கு வரும்போது பறவைகள் கரையோரமாக ஒதுங்கி நெருக்கமாக நிற்கும். ஆகவே அந்த நூல்கள் வற்றுப் பெருக்கு அட்டவணையைப் பார்த்துவிட்டு வீட்டைவிட்டுப் புறப்படச் சொல்கின்றன. இலங்கைக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான வேறுபாடு ஒரு மீற்றரைக்கூட எட்டுவதில்லை என்பதால், அந்த அட்டவணையை நம்பி வந்த என் முதல் பயணம் முழுத் தோல்வியில் முடிந்தது. இங்கே சேறு வெளிப்படுவதற்கு நிலவைவிட மழையே கணக்கு. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவமழை, களப்புகள் எனப்படும் கடலோரக் காயல்களை நிரப்புகிறது. நிரம்பிய களப்பு மணல்மேட்டை உடைத்துக்கொண்டு முகத்துவாரத்தின் வழியே கடலில் இறங்குகிறது. தை பிறந்து மழை ஓய்ந்த பின்னர் தண்ணீர் கரையை விட்டுச் சிறிது சிறிதாகப் பின்வாங்குகிறது. அப்படிப் பின்வாங்கும்போது கிழமைக்குக் கிழமை புதிதாக ஒரு பட்டைச் சேறு ஈரத்தோடும் புழுக்களோடும் திறந்துகொண்டே போவதால், மாசியும் பங்குனியும் வலசைப் பறவைகளுக்கு விருந்துக் காலம். சித்திரையில் அவற்றுட் பெரும்பாலானவை வடக்கே புறப்பட்டுவிடும்.

நிலாவெளி உப்பளப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் வரத் தொடங்கியிருந்தது. கிழக்குக் கரையில் காலைப் பொழுதுக்கு ஒரு வசதி இருக்கிறது: கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்நாட்டு நீர்நிலையைப் பார்த்து நின்றால், சூரியன் நமக்குப் பின்னால் எழுந்து பறவைகளின் மேல் நேராக விழும். இறகின் ஒவ்வொரு விளிம்பும் தெரியும். முதலிற் கண்ணிற்பட்டவை நெடுங்கால் உள்ளான்கள். சிவந்த குச்சிகளின் மேல் கறுப்பு வெள்ளை உடலை ஏற்றி வைத்தாற்போன்ற அந்தப் பறவைகளை யாரும் தவறாக இனங்காண முடியாது. மருமகன் தொலைநோக்கிக் கண்ணாடியில் கண்ணை வைத்ததும் கேட்ட முதற் கேள்வி அவற்றின் காலைப் பற்றியதுதான்.

“மாமா, அதுட முழங்கால் பின்பக்கமா மடங்குது!”

அது முழங்கால் அன்று, கணுக்கால் என்று விளக்கினேன். பறவையின் உண்மையான முழங்கால் வயிற்றிறகுகளுக்குள் மறைந்திருக்கிறது. பாதம் என்று நாம் கருதுவது விரல்களை மட்டும்தான். ஒரு கரைப்பறவை வாழ்நாள் முழுவதும் நுனிக்காலில் நிற்கிறது. அவன் தன் கணுக்காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் நுனிக்காலில் நடந்தான்.

உப்புப் பாத்திகளின் வரம்பில் நான் தேடி வந்த பறவை நின்றது. சிட்டுக்குருவியை விடச் சிறிது பெரிய உடல், மணலின் நிறத்தில் முதுகு, பால்போன்ற வயிறு, நெஞ்சின் இரு பக்கமும் முழுமையாகச் சேராத கறுப்புத் திட்டு. நெடுங்காலமாக இதைக் கெண்டிஷ் உப்புக்கொத்தியின் ஒரு துணையினமாகவே வைத்திருந்தார்கள். இங்கிலாந்தின் கென்ற் மாவட்டத்துப் பெயரை நம் உப்பளத்துப் பறவை சுமந்துகொண்டிருந்தது. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்று செய்து 2023 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, இதன் உடலும் சிறகும் அலகும் சிறியவை என்பதோடு மரபணுவும் வேறானது என்று காட்டி, இதைத் தனி இனமாக நிலைநாட்டியது. இராமர் அணையை அண்டிய தென்னிந்திய, இலங்கைக் கரைகளே இதன் தாயகம் என்பதால் அனுமன் உப்புக்கொத்தி என்ற பெயர் வழக்கிற்கு வந்தது. அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது. மற்றவை விருந்தாளிகளாக வந்து போக, இது மட்டும் இதே மணலில் காலால் ஒரு சிறு குழி பறித்து முட்டையிட்டு இங்கேயே வாழ்கிறது. முட்டையும் குஞ்சும் மணலின் நிறத்திலேயே இருப்பதால், மோட்டார் சைக்கிளை வரம்பில் ஓட்டிப் போகலாம் என்ற மருமகனின் யோசனையை மறுத்து, சாலையோரத்திலேயே நிறுத்தி வைத்தோம்.

அதே பாத்தியில் இன்னொரு சிறு கூட்டம், அனுமனை விடச் சற்றுப் பருத்த உடலும் நீண்ட காலும் கொண்டதாய், ஓடுவதும் நிற்பதும் குத்துவதுமாக இருந்தது. உப்புக்கொத்திகளின் நடையே அடையாளம். அவை பெரிய கண்களை நம்பி இரை தேடுகின்றன. ஆகவே ஓடி, அசையாமல் நின்று, பார்த்து, பிறகு குத்துகின்றன. உள்ளான்களோ அலகின் நுனியில் உள்ள உணர்வு நரம்புகளை நம்பிச் சேற்றுக்குள் தையல் இயந்திரம் போலத் துளைத்துக்கொண்டே நடக்கின்றன. நிறம் தெரியாத தொலைவிலும் இந்த வேறுபாடு தெரியும் என்பதை, பல ஆண்டுகள் இறகுப் படங்களை மனப்பாடம் செய்து வீணாக்கிய பின்னரே நான் கற்றுக்கொண்டேன். ஓடி நின்றவை திபெத்திய மணல் உப்புக்கொத்திகள். சிறு மணல் உப்புக்கொத்தி என்ற பழைய ஓர் இனத்தை அண்மையில் இரண்டாகப் பிரித்ததில் நம் பக்கம் குளிர்காலத்தைக் கழிக்கும் பிரிவுக்கு இந்தப் பெயர் கிடைத்தது. உலகின் மிக உயர்ந்த மேட்டுநிலத்தில் கோடையில் குஞ்சு பொரித்த பறவை, கடல்மட்டத்து உப்புப் பாத்தியில் அனுமனுக்கு ஆறடி தள்ளி நின்று அதே பூச்சியைத் தேடுகிறது. கூட்டத்தில் இரண்டு பறவைகளின் அலகு சற்றுத் தடிப்பாகத் தோன்றியது. பெரிய மணல் உப்புக்கொத்தியாக இருக்கலாம் என்று ஆசை சொன்னது. ஆசையை எழுதுவது குறிப்பேட்டின் வேலை அன்று என்பதால் ‘மணல் உப்புக்கொத்தி, இரண்டு’ என்று மட்டும் எழுதிவிட்டு எழுந்தோம்.

இறக்கக்கண்டிப் பாலத்தையும் கும்புறுப்பிட்டியையும் கடந்து குச்சவெளியில் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டோம். போர்க்காலத்தில் பல ஆண்டுகள் இந்தச் சாலையில் பொதுமக்கள் இயல்பாகப் பயணிக்க முடிந்ததில்லை. வடகிழக்கின் களப்புகளில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் அந்தக் காலத்தில் முறையாக நடந்ததில்லை. ஆகையால் பழைய பட்டியல்களில் இந்தக் கரை பெரும்பாலும் வெற்றிடமாகவே கிடக்கிறது. இப்போது சாலை நன்றாக இருக்கிறது. புல்மோட்டையை நெருங்க நெருங்கக் கடற்கரை மணலில் கறுப்புக் கோடுகள் ஓடுகின்றன. அது இல்மனைற்று என்ற தைட்டேனியத் தாது என்றும், இங்கிருந்து அள்ளிப் பிரித்து ஏற்றுமதி செய்கிறார்கள் என்றும் சொன்னபோது, மருமகன் ஒரு கைப்பிடியை அள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். நாள் முழுவதும் அந்த மணல் கண்ணாடித் துணியில் ஒட்டிக்கொண்டு என்னைப் பாடாய்ப்படுத்தியது.

கொக்கிளாய்க் களப்பின் வடகரை முல்லைத்தீவு மாவட்டத்திலும் தென்கரை திருகோணமலை மாவட்டத்திலும் இருக்கின்றன. 1951 ஆம் ஆண்டிலேயே இது சரணாலயமாக அறிவிக்கப்பட்டுவிட்டது. வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் வருகிறது. இலங்கையின் ராம்சார் ஈரநிலங்கள் (அனைத்துலக முக்கியத்துவம் உள்ளவை என்று பட்டியலிடப்பட்டவை) என்று புந்தல, ஆனைவிழுந்தான், வங்காலை, குமண முதலிய பெயர்களை எல்லோரும் அடுக்குகிறார்கள். திருகோணமலை மாவட்டத்தில் ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியல் பார்த்துப் பறவை இறங்குவதில்லை என்றாலும், பட்டியல் பார்த்தே பணமும் கவனமும் வருகின்றன என்பதால் இந்தக் குறை எனக்கு உறுத்துகிறது.

தென்கரையில் ஒரு கண்டல் மரத்தின் கீழே முக்காலியை ஊன்றியபோது மணி ஒன்பதரை. எங்களுக்கும் தண்ணீருக்கும் இடையே ஏறத்தாழ நூறு மீற்றர் அகலத்துக்குச் சேறு. அதன் ஓரத்திலிருந்து களப்பின் நடுப்பகுதி வரை பறவைகள் வரிவரியாக நின்றன. முதற்பார்வையில் அது ஒரே கூட்டமாகத்தான் தெரிந்தது. கண்ணாடியை இடமிருந்து வலமாக நகர்த்துவதை விட்டுவிட்டு, கரையிலிருந்து களப்பை நோக்கி மெதுவாக உயர்த்தியபோதுதான் ஒழுங்கு புலப்பட்டது.

ஈரம் மட்டும் இருந்து தண்ணீர் இல்லாத சேற்றில் கொசு உள்ளான்கள். பெயருக்கு ஏற்ற உருவம். 20 முதல் 40 கிராம் வரையே எடை. அவற்றின் கால் ஒரு விரற்கடைத் தண்ணீரை மட்டுமே தாங்கும். அடுத்த வரியில், இரண்டு மூன்று விரற்கடைத் தண்ணீரில், நுனி கீழே வளைந்த அலகோடு வளைமூக்கு உள்ளான்கள் தோள் வரை தலையை அமிழ்த்தி எழுந்தன. அதற்கு அப்பால் பவளக்காலிகள். பவளக்காலியின் சிவந்த கால் தண்ணீருக்குள் பாதி மறைந்திருந்தபடியால், மருமகன் அதைப் பச்சைக்காலி என்று இருமுறை தவறாகச் சொன்னான். பிறகு கருவால் மூக்கன்கள் வயிறு நனையும் ஆழத்தில் நீண்ட நேரான அலகைக் கண் வரை சேற்றுக்குள் இறக்கிக்கொண்டிருந்தன. எல்லாவற்றுக்கும் அப்பால், முழங்கால் என்று மருமகன் இன்னும் சாதித்துக்கொண்டிருந்த அந்த மூட்டு வரை தண்ணீரில் நின்று, தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகப் பிடித்துத் தண்ணீரை வடிகட்டிக்கொண்டிருந்தன பூநாரைகள். நூறு மீற்றருக்குள் ஐந்து ஆழங்கள், ஐந்து நீளக் கால்கள், ஐந்து வகை அலகுகள். ஒரே சேற்றில் இத்தனை ஆயிரம் வாய்கள் சண்டையில்லாமல் சாப்பிடுவதற்கு இந்த ஏற்பாடே காரணம். கூட்டத்துக்கு நடுவே தண்ணீர் ஒரு விரற்கடை ஏறினாலும் இறங்கினாலும் யாரோ ஒருவருடைய இலை எடுபட்டுவிடும்.

எண்ணுவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் பத்துப் பறவைகளை ஒன்றொன்றாக எண்ணி, அந்தப் பத்து கண்ணாடிக்குள் எவ்வளவு இடத்தை நிரப்புகிறது என்று மனத்தில் பதித்துக்கொண்டு, அதே அளவைக் கூட்டத்தின் மேல் வைத்து வைத்து நகர்த்த வேண்டும். நான் எண்ண, மருமகன் பத்துக்கு ஒரு கோடு போட்டான். கொசு உள்ளான்களில் நாற்பத்தொரு கோடு வந்தது. மறுபடி எண்ணியபோது முப்பத்தெட்டு. நானூறு என்று எழுதினோம்.

“இதெல்லாம் சைபீரியாவுக்குப் போகுது எண்டு எப்படித் தெரியும், மாமா? ஆர் கூடப் போய்ப் பார்த்தது?”

நியாயமான கேள்வி. காலில் வளையமிட்டுப் பிடித்த இடத்தையும் மீண்டும் பிடிபட்ட இடத்தையும் கோடிட்டுப் பார்ப்பது பழைய வழி என்று தொடங்கி, 2021 இல் மன்னாரில் ஹியூக்ளின் கடற்காகம் ஒன்றின் முதுகில் செய்மதிக் கருவி பொருத்திய கதையைச் சொன்னேன். மேகா என்று பெயரிடப்பட்ட அந்தப் பறவை உருசியாவின் வடமுனைக் கரையில் உள்ள யமால் தீபகற்பம் வரை போய்க் கோடையைக் கழித்து, 19,000 கிலோமீற்றருக்கும் மேலான சுற்றுப்பயணத்தை முடித்து மறுபடி மன்னாருக்கே வந்தது. கடற்காகம் பெரிய பறவை என்பதால் கருவியைச் சுமக்கும். கொசு உள்ளானின் முதுகில் அதை வைத்தால் கருவிதான் பறவையைச் சுமக்க வேண்டியிருக்கும். இப்போது இவை இடைவிடாமல் தின்பதெல்லாம் அந்தப் பயணத்துக்கான கொழுப்பு. அவன் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் பையிலிருந்த பிஸ்கற்றை எடுத்து அதே வேகத்தில் தின்றான்.

பதினொரு மணியளவில் கண்டல்களின் பின்னாலிருந்து ஒரு வெண்வயிற்றுக் கடற்கழுகு தாழப் பறந்து வந்தது. அது மீனுக்காக வந்திருக்கக்கூடும். ஆனால் கொசு உள்ளான்கள் விசாரித்துக்கொண்டு நிற்கவில்லை. நானூறும் ஒருமித்து எழுந்து, ஒரு திருப்பத்தில் முதுகு காட்டிக் களப்பின் நிறத்தில் மறைந்தன. அடுத்த திருப்பத்தில் வயிறு காட்டி உப்பை வீசியதுபோல் வெளுத்தன. மூக்கன்கள் சோம்பலாக எழுந்து சோம்பலாக இறங்கின. பூநாரைகள் தலையைக்கூடத் தூக்கவில்லை. கழுகு போனபின் எல்லாம் திரும்பி வந்தபோது, ஒவ்வோர் இனமும் தன் தன் ஆழத்திலேயே வந்து நின்றதைக் கவனித்தேன்.

உச்சி வெயிலில் சேற்றின் மேல் கானல் எழுந்து, தொலைநோக்கியில் பறவைகள் தண்ணீருக்கு அடியில் நிற்பதுபோல் நெளிந்தன. அந்த நேரத்தில் பார்ப்பது வீண் என்பதால் புல்மோட்டையில் சோறு சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்கு அதே கண்டலடிக்குத் திரும்பினோம். அங்கே ஒருவர் வீச்சுவலையை விரித்து அதிலிருந்த பாசியைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். அருகே பிளாஸ்ரிக் வாளியில் அரைவாசிக்கு இறால்.

“காலையில நிறைய நிண்டுது நானா. இப்ப ஆக்களே இல்லையே?” என்று களப்பைக் காட்டிக் கேட்டேன். உண்மையில் காலையில் கொசு உள்ளான்கள் நின்ற இடம் வெறிச்சோடிக் கிடந்தது.

அவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: “காத்துத் திரும்பிட்டுதே தம்பி. அந்தக் கம்பைப் பாருங்க.”

கரைக்குச் சற்றுத் தள்ளித் தண்ணீரில் ஒரு கம்பு ஊன்றியிருந்தது. காலையில் அதன் அடி ஈரச் சேற்றில் நின்றதை நானே பார்த்திருந்தேன். இப்போது அதைச் சுற்றித் தண்ணீர். மழை இல்லை, முகத்துவாரம் தூரம், கடலின் ஏற்றமும் இவ்வளவு செய்யாது. பகலில் நிலம் சூடாகிக் கடற்காற்று வடகிழக்கிலிருந்து வீசத் தொடங்கினால், ஆழம் குறைந்த களப்பின் தண்ணீர் முழுவதையும் அது தென்கரைப் பக்கம் தள்ளிக் கொண்டுவந்து சேர்க்கிறது. வடகரையில் அந்த அளவு வற்றும். தென்கரையில் அந்த அளவு ஏறும். இத்தனை ஆண்டுகளாக மழையை மட்டுமே கணக்கில் வைத்திருந்த நான், ஒரு நாளுக்குள்ளேயே காற்று நடத்தும் இந்த வற்றுப் பெருக்கைக் கவனித்ததேயில்லை. பிற்பகலில் பலமுறை வெறுங்கையோடு திரும்பிய பல களப்புகள் வரிசையாக நினைவுக்கு வந்தன.

“எவ்வளவு ஏறும், நானா?”

அவர் வலது கையின் நான்கு விரல்களைச் சேர்த்துக் காட்டினார். “இவ்வளவுதான். இறாலுக்கு இது போதும், கரைக்கு வந்திடும். சின்னக் குருவிக்குக் கால் எட்டாது, அங்கால போயிடும். ராவுக்குக் காத்து விழுந்தா திரும்ப வரும்.”

மருமகன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அளந்து பார்க்கக் கம்பை நோக்கி இறங்கினான். பத்தடி போவதற்குள் முழங்கால் வரை புதைந்து, காலை இழுக்க முடியாமல் கையை ஊன்றினான். நானா சிரித்துக்கொண்டே வலையின் கயிற்றை எறிந்து அவனைக் கரைக்கு இழுத்தார். உண்மையான முழங்கால் எது என்பதைப் பற்றிய எங்கள் வாதம் அதோடு முடிந்தது. சட்டைப் பையிலிருந்த கறுப்பு மணலும் சேற்றில் போயிற்று.

கருவால் மூக்கன்கள் மட்டும் போகவில்லை. காலையில் பவளக்காலிகள் நின்ற வரியில் அவை இப்போது நின்றன. அதாவது நான்கு விரற்கடைத் தண்ணீர் ஏறியபோது தாமும் நான்கு விரற்கடைக் கணக்குக்கு ஏற்பக் கரையை நெருங்கி வந்திருந்தன. இதனால் எங்களுக்கு அவை காலையைவிடப் பக்கத்தில் கிடைத்தன. சிலவற்றின் கழுத்தில் இனப்பெருக்கக் காலத்துச் செம்மை ஏறத் தொடங்கியிருந்தது. சேற்றுக்குள் ஆழ்ந்திருக்கும்போதே அலகின் நுனியை மட்டும் தனியாகத் திறந்து இரையைக் கவ்வும் வித்தையைக் கண்ணாற் பார்க்க முடியாது. ஆனால் தலை சற்றே நடுங்கி நின்று, பிறகு ஒரு புழுவோடு அலகு வெளியே வந்தபோது உள்ளே நடந்ததை ஊகிக்க முடிந்தது. ஒரு மணித்தியாலத்துக்கும் மேல் அந்த ஒரு பறவையையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஐந்தரைக்குக் கிளம்பும்போது நானா ஒரு சிறு பொதி இறாலைக் கட்டி மருமகனிடம் கொடுத்தார். பணம் கொடுக்க முயன்றேன். “பெடியன் என்ட களப்பில விழுந்தவன்” என்று வாங்க மறுத்தார். காற்று இன்னும் விழவில்லை. கம்பைச் சுற்றித் தண்ணீர் அப்படியே நின்றது. சின்னஞ்சிறு கூட்டம் ஒன்று வடகரைப் பக்கமிருந்து எழுந்து, எங்கள் கரையைச் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்காமல் மறுபடி வடக்கே போயிற்று. குறிப்பேட்டில் காலைக் கணக்குக்கும் மாலைக் கணக்குக்கும் எதிரே இன்று முதன்முறையாகக் காற்றின் திசையையும் எழுதி வைத்தேன். நாளை விடியற்காலையில், காற்று எழும் முன்னர், இதே கண்டலடியில் இருக்க வேண்டும். வீட்டாருக்கு வாக்களித்திருந்த புறாத்தீவுப் பயணத்தை எந்த முகத்தோடு தள்ளிவைப்பது என்பதைத்தான் உப்புவெளி போய்ச் சேரும் வரை நாங்கள் இருவரும் யோசித்துக்கொண்டிருந்தோம்.